நிறமே வராத சோதனைக் குழாயும் ஹாட் டப் நீரும்

வாசகர் கேள்வி: தளி அருகே உள்ள எங்கள் பண்ணை வீட்டை, ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் தங்கும் விடுதியாக நடத்தி வருகிறோம். ஐந்து பேர் அமரக்கூடிய, ஏறத்தாழ 1,200 லிட்டர் கொள்ளும் ஹாட் டப் ஒன்றும் வைத்திருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் நிரப்புகிறோம்; குளோரினுக்கு டைகுளோர் குருணை போடுகிறோம். நீரைச் சோதிக்க எங்களிடம் மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு நிறம் பார்க்கும் குழாயில் நிறமே வருவதில்லை. மஞ்சள் நிறம் தரும் சொட்டுத் திரவமோ ஆரஞ்சையும் தாண்டிப் போகிறது. டெஸ்ட் ஸ்ட்ரிப் அட்டையின் கடைசிக் கட்டத்தைக் காட்டுகிறது. மாத்திரைதான் துல்லியமானது என்று கடையில் சொன்னதால், குளோரின் இல்லை என்று எண்ணித் தினமும் கூட்டிப் போட்டு வருகிறோம். பிஹெச் சோதனை ஊதா நிறம் காட்டுவதால் அமிலமும் சேர்க்கிறோம். ஆர்ஓ மெக்கானிக் கொடுத்த மீட்டரில் டிடிஎஸ் 1,400 வருகிறது. சென்ற வாரம் தங்கிய குடும்பத்தினர் கண் எரிச்சலும் இருமலும் இருந்ததாகக் கூறினார்கள். எதை நம்புவது? விலை கூடிய டிஜிட்டல் கருவி வாங்கினால் இந்தக் குழப்பம் தீருமா? அல்லது மாதம் ஒரு முறை ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினால் போதுமா? எங்கள் பகுதி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்களே, அது இந்தச் சோதனைகளைக் கெடுக்குமா?

ஆலோசகரின் பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

எந்தச் சோதனை நல்லது என்ற கேள்விக்குப் போவதற்கு முன், இன்றே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் தொட்டியில் குளோரின் இல்லாமல் இல்லை. அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்பதே என் கணிப்பு. ஆகவே குளோரின் போடுவதையும் அமிலம் சேர்ப்பதையும் உடனே நிறுத்துங்கள். கீழே சொல்லும் முறையில் அளந்து பார்க்கும் வரை விருந்தினர் யாரையும் அதில் இறக்க வேண்டாம்.

இந்தக் கணிப்பைச் சரிபார்க்கப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தொட்டி நீர் ஒரு பங்கு, குளோரின் இல்லாத ஆர்ஓ நீர் நான்கு பங்கு என்று ஒரு சுத்தமான டம்ளரில் கலந்து, அந்தக் கலவையை அதே மாத்திரைக் குழாயில் ஊற்றிச் சோதியுங்கள். தொட்டி நீரை நேரடியாகச் சோதித்தபோது வராத இளஞ்சிவப்பு நிறம், நீர்த்துப்போன கலவையில் பளிச்சென்று வருமானால் என் கணிப்பு சரி என்று பொருள். அப்போது வரும் எண்ணை ஐந்தால் பெருக்கினால் தொட்டியின் உண்மையான குளோரின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். கலவையிலும் நிறம் வராவிட்டால் உடனே குளோரின் இல்லை என்று முடிவு கட்டாமல், தொட்டி நீர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ நீர் சேர்த்து மறுபடியும் பார்த்துப் பத்தால் பெருக்குங்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், அந்த மாத்திரையில் இருப்பது டிபிடி என்ற வேதிப்பொருள். ஆர்தர் பாலின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1950களில் உருவாக்கிய இந்தச் சோதனை, இன்றும் உலகெங்கும் குடிநீர் வாரியங்களிலும் நீச்சல் குளங்களிலும் நடைமுறையில் இருக்கிறது. குளோரின் டிபிடியோடு வினைபுரிந்து இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது. குளோரின் கூடக்கூட நிறம் அடர்கிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல், பொதுவாக 10 பிபிஎம்மை (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) தாண்டிய பிறகு, மிஞ்சி நிற்கும் குளோரின் தான் உண்டாக்கிய நிறத்தைத் தானே வெளுத்துவிடுகிறது. மாத்திரை கரையும் அந்த நொடியில் உற்றுப் பார்த்தால், குழாயின் அடியில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி மேலே எழும்பி மறைவதைக் காணலாம். அதைக் கவனிக்காதவர் கண்ணுக்குத் தெரிவது தெளிந்த நீர் மட்டுமே. அட்டையில் தெளிந்த நீருக்கு எதிரே பூஜ்ஜியம் என்று அச்சிட்டிருப்பதால் அவர் மேலும் குளோரின் போடுகிறார். போடப் போட நிறம் வருவதற்கான வாய்ப்பு இன்னும் குறைகிறது. துல்லியமான சோதனை என்று கடையில் சொன்னது பொய்யில்லை. அதன் எல்லை எது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

பிஹெச் சோதனையின் ஊதா நிறத்துக்கும் இதே குளோரின்தான் காரணமாக இருக்க வேண்டும். அதில் சொட்டு விடும் ஃபீனால் ரெட், மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும் சாயம். ஊதா அதன் அட்டையிலேயே இராது. குளோரின் மிக அதிகமாக இருக்கும் நீரில் அந்தச் சாயமே குளோரோஃபீனால் ரெட் என்ற வேறொரு சாயமாக மாறிவிடுகிறது. அது பிஹெச் 7-ஐ ஒட்டிய நீரிலேயே ஊதாவாக நிற்கும். அதைப் பார்த்து பிஹெச் ஏறிவிட்டது என்று அமிலம் சேர்த்துக்கொண்டே போனால், உண்மையான பிஹெச் 7-க்கும் கீழே இறங்கி, ஹீட்டரின் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். குளோரின் அளவு இறங்கும் வரை ஃபீனால் ரெட் காட்டும் எந்த நிறத்தையும் பொருட்படுத்தாதீர்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும்: டைகுளோர் டப்பாவையும் அமிலக் கேனையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் சிந்திக் கலந்தால் எழும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

மூன்று சோதனைகளில் உண்மைக்கு அருகில் நின்றது, நீங்கள் பொருட்டாக மதிக்காத ஸ்ட்ரிப்தான். அதற்காக இனி ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசிக் கட்டத்தின் நிறம் 10 பிபிஎம்முக்கும் வரும், 30-க்கும் வரும். பூஜ்ஜியமா, இருக்கிறதா, எக்கச்சக்கமா என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல ஸ்ட்ரிப் போதும். 3-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாட்டை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடோலிடின் திரவம் வேறு வகை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர்கள் குழாய் நீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். குடிநீரில் 0.2 பிபிஎம் குளோரினாவது மிஞ்சி நிற்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் வேலை செய்யும் குளோரினையும் ஏற்கெனவே செலவழிந்துபோன குளோரினையும் அது பிரித்துக் காட்டாது. ஹாட் டப்புக்கு அந்தப் பிரிவுதான் முக்கியம்.

வியர்வை, எண்ணெய், சோப்பு, கிரீம் ஆகியவற்றிலுள்ள நைட்ரஜன் பொருள்களோடு சேர்ந்த குளோரின் குளோரமீனாக மாறுகிறது. நீச்சல் குளத்தின் வாடை என்று நாம் சொல்லும் அந்த நெடியும் கண் எரிச்சலும் பெரும்பாலும் அதனால் வருபவை. கிருமியைக் கொல்லும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஐந்து பேர் 1,200 லிட்டரில் அமர்வது என்றால் ஒருவருக்கு 240 லிட்டர். பெரிய நீச்சல் குளத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவான நீர்; போதாக்குறைக்கு 38, 39 டிகிரி வெப்பம் வேறு. குளோரின் செலவழியும் வேகம் அங்கே பல மடங்கு. காலையில் சரியாக இருந்த நீர், மாலையில் ஒரு குடும்பம் இறங்கி ஏறியதும் குளோரின் இல்லாத நீராகிவிடும். இளஞ்சூட்டு நீரில் தோல் கொப்புளத்தை உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமியும், நீர்த்துளியோடு மூச்சில் புகுந்து நிமோனியா தரும் லீஜியோனெல்லா கிருமியும் எளிதில் பெருகும். 1999-இல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்து ஓடவிட்டிருந்த ஹாட் டப்பிலிருந்து லீஜியோனெல்லா பரவிப் பலர் உயிரிழந்தனர். அவர்கள் அந்தத் தொட்டியில் இறங்கியவர்கள்கூட அல்லர். உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. விருந்தினருக்குக் கட்டணம் வாங்கித் திறந்துவிடும் தொட்டிக்கு, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனை போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் பரிந்துரைப்பது எஃப்ஏஎஸ்-டிபிடி என்ற சொட்டு எண்ணும் முறை. பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் பியூரெட்டை வைத்துக்கொண்டு செய்யும் தரம்பார்த்தல்தான் இது. பியூரெட்டுக்குப் பதில் சொட்டு பாட்டில். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு இதுவா அதுவா என்று தடுமாற வேண்டியதில்லை. நிறம் இருக்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். சாயங்கால வெளிச்சத்திலும், வேலைக்கு இருக்கும் பையன் செய்தாலும், நீங்கள் செய்தாலும் ஒரே விடை வருவதற்குக் காரணம் இதுதான்.

செய்யும் விதத்தை விரிவாகவே சொல்கிறேன். குழாயில் 10 மில்லி கோடு வரை தொட்டி நீரை எடுங்கள். நீர் மேல்மட்டம் குழிந்து நிற்கும்; அந்தக் குழிவின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். பெட்டியோடு வரும் சிறு கரண்டியால் டிபிடி தூளை இரண்டு முறை போட்டுச் சுழற்றினால் நீர் இளஞ்சிவப்பாகும். சிவப்பு தோன்றி உடனே மறைந்தால், இன்னொரு கரண்டி போடுங்கள். மாத்திரைக் குழாயில் நீங்கள் மாட்டிக்கொண்ட பொறி இங்கே இல்லாததற்கு, நிறம் நிற்கும் வரை தூளைக் கூட்டிக்கொள்ள முடிவதுதான் காரணம். பிறகு டைட்ரேஷன் திரவத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை சுழற்றி, எண்ணிக்கொண்டே வாருங்கள். கடைசிக்கு முந்தைய சொட்டில் மங்கலான ரோஜா நிறம் நிற்கும். அடுத்த சொட்டில் சட்டென்று கண்ணாடிபோல் தெளியும். அத்தோடு நிறுத்திவிடுங்கள். 10 மில்லி நீருக்கு ஒரு சொட்டு 0.5 பிபிஎம். எட்டுச் சொட்டில் தெளிந்தால், வேலை செய்யும் குளோரின் 4 பிபிஎம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் 25 மில்லி எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஒரு சொட்டு 0.2 பிபிஎம்.

குழாயைக் கொட்டிவிடாதீர்கள். அதே நீரில் மூன்றாவது பாட்டிலிலிருந்து ஐந்து சொட்டு விட்டால், குளோரமீன் இருக்கும் பட்சத்தில் மறுபடியும் சிவப்பு வரும். அது தெளியும் வரை சொட்டுகளை எண்ணினால், செலவழிந்த குளோரின் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இது 0.5 பிபிஎம்மைத் தாண்டினால், தொட்டியில் கழிவு சேர்ந்திருக்கிறது என்று பொருள்; மொத்தக் குளோரின் எவ்வளவு இருந்தாலும் நீர் நன்றாக இல்லை. குளோரின் அல்லாத ஷாக் தூள் என்று விற்கும் மோனோபர்சல்பேட்டைப் போட்டிருந்தால் மட்டும், இந்த இரண்டாம் எண் பொய்யாகக் கூடும்; அதைப் போட்ட நாளில் இந்த எண்ணைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

எந்தப் பிராண்டு என்று கேட்பீர்கள். டெய்லர் நிறுவனத்தின் கே-2006 என்ற பெட்டி இவ்வகையில் உலகெங்கும் அறிமுகமானது. ஏறக்குறைய அதேபோல் தோற்றமளிக்கும் கே-2005 பெட்டி, நிறத்தை ஒப்பிடும் பழைய வகை. ஓர் எண் மாறினால் வேறு பொருள் கைக்கு வரும். பிராண்டு எதுவானாலும், பெட்டியின் மேல் எஃப்ஏஎஸ்-டிபிடி என்று அச்சிட்டிருக்கிறதா, திரவங்களின் காலாவதித் தேதி என்ன என்று இந்த இரண்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். திரவங்களை மட்டும் தனியாக மறுபடி வாங்க முடியுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் எவ்வளவு நல்ல பெட்டியும் ஓராண்டில் வெறும் பெட்டியாகிவிடும்.

டிஜிட்டல் கருவி பற்றி: நீங்கள் நினைப்பது ஃபோட்டோமீட்டர் என்றால் அது நல்ல கருவிதான். ஆனால் அதன் உள்ளே நடப்பதும் டிபிடி வினைதான். கண்ணுக்குப் பதில் ஒரு சென்சார் நிறத்தை அளக்கிறது, அவ்வளவே. ஆகவே, உங்களைத் திசைதிருப்பிய அதே வெளுப்பு அதையும் திசைதிருப்பும். அளவு மீறிய குளோரின் உள்ள நீரைக் கொடுத்தால், இரண்டு தசம இடத்தோடு 0.08 என்று கம்பீரமாகக் காட்டி நிற்கும். கண்ணாடிக் குப்பியில் ஒரு கைரேகையோ கீறலோ நீர்க்குமிழியோ இருந்தாலும் எண் மாறும். ஒவ்வொரு முறையும் அதே தொட்டி நீரை வைத்துப் பூஜ்ஜியம் செய்ய வேண்டும். சோதிப்பவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் இதை வாங்கலாம். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது, அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கும். மற்றபடி உங்கள் நிலையில் அந்தப் பணத்தை அதில் போட நான் சொல்ல மாட்டேன்.

பேனா வடிவ பிஹெச் மீட்டர் வேறு பொருள். அதை வாங்கினால் பஃபர் எனப்படும், பிஹெச் அளவு தெரிந்த கரைசல்களை வைத்து அடிக்கடி அளவு திருத்த வேண்டும்; முனையை அதற்கான கரைசலில் ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஆர்ஓ நீரில் ஊறப்போட்டு வைத்தால் முனை கெட்டுவிடும். இந்தப் பொறுமை இல்லாதவர் கையில் ஃபீனால் ரெட் சொட்டே மேல். மெக்கானிக் கொடுத்த டிடிஎஸ் மீட்டரை ஆர்ஓ இயந்திரத்தின் பக்கமே வைத்துவிடுங்கள். மூட்டையின் எடையைச் சொல்லும் தராசு, உள்ளே இருப்பது கேழ்வரகா கொள்ளா என்று சொல்லாது. 1,400 என்ற எண்ணும் கரைந்த உப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்கிறதே தவிர, குளோரினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நிரப்பிய நாளில் எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டு, நீரை மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் அது பயன்படும்.

எவ்வளவு நல்ல பெட்டியையும் கெடுப்பது மாதிரி எடுக்கும் முறைதான். கவரைத் திறந்ததும் மேலாக ஒரு கோப்பை நீரை மொண்டு சோதிப்பவர்கள் பலர். ஜெட்டுகளை நிறுத்திவிட்டு, சுற்றோட்டம் மட்டும் ஓடும்போது, நீர் பாய்ந்து வரும் துவாரத்திலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் பாட்டிலைக் கவிழ்த்தபடி இறக்கி, அங்கே நிமிர்த்தி எடுங்கள். குருணை போட்டிருந்தால் அரை மணி நேரமாவது சுற்றவிட்ட பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததை உடனே சோதியுங்கள். வராந்தாவில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால், குளோரின் அதற்குள் குறைந்திருக்கும். சொட்டு பாட்டிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டின் பருமன் மாறும். உலர்ந்த காற்றில் முனையில் நிலைமின்சாரம் ஏறிச் சொட்டு சிறுத்து விழுவதும் உண்டு. ஈரத் துணியால் முனையை ஒரு முறை துடைத்தால் சரியாகும். சோதனைப் பெட்டியைப் பம்ப் அறையில் வைக்காதீர்கள். தளியில் குளிர்ச்சி இருந்தாலும், தகரக் கூரை போட்ட பம்ப் அறை சித்திரை, வைகாசியில் கொதிக்கும். போதாததற்குக் குளோரின் ஆவியும் அங்கேயே இருக்கும். வீட்டுக்குள், வெயில் படாத அலமாரியே அதற்கு ஏற்ற இடம். ஸ்ட்ரிப் பாட்டிலில் ஈரக் கையை விட்டு ஒன்றை எடுத்தால், மீதமுள்ள அத்தனையும் கெட்டதாகவே கொள்ளுங்கள்.

எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஹாட் டப்பில் வேலை செய்யும் குளோரின் குறைந்தது 3 பிபிஎம், பிஹெச் 7.0 முதல் 7.8 வரை என்கிறது. உங்கள் விடுதிக்கு 3-க்கும் 5-க்கும் இடையில் குளோரினும், 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் பிஹெச்சும் நின்றால் நல்லது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்; ஏனென்றால் பிஹெச் 7.5-இல் குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கிறது, 8-இல் அது கால்பங்குக்கும் கீழே போகிறது. விருந்தினர் இறங்கும் முன் ஒரு முறை, ஏறிய பின் ஒரு முறை சொட்டு எண்ணுங்கள். தொடர்ந்து ஆட்கள் இறங்கும் விடுமுறை நாள்களில் இடையிலும் ஒரு ஸ்ட்ரிப் நனைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப்பை நான் இந்த இடத்தில்தான் வைக்கிறேன்.

டைகுளோரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சோதனையோடு தொடர்புடையது என்பதால் விட முடியாது. அந்தக் குருணை, குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடுகிறது. குளோரின் செலவழிந்துவிடும், சயனூரிக் அமிலம் அப்படியே தங்கிவிடும். 10 பிபிஎம் குளோரின் கிடைக்கும்படி டைகுளோர் போட்டால், 9 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும். நாளொன்றுக்கு 5 பிபிஎம் வீதம் ஒரு மாதம் போட்டால் 135 பிபிஎம். அது ஏறியிருக்கும் நீரில் சோதனை 4 என்று காட்டினாலும், அந்தக் குளோரின் பெரும்பகுதி அமிலத்தோடு பிணைந்து கிடந்து, கிருமியை மெதுவாகவே கொல்லும். எண் சரியாக இருந்தும் நீர் சரியில்லாத நிலை இது. ஹாட் டப்புகளில் சயனூரிக் அமிலம் கலந்த குளோரினைத் தவிர்க்கவே சிடிசி சொல்கிறது. பெட்டியில் இதற்கும் ஒரு சோதனை உண்டு: நீரோடு ஒரு திரவத்தைக் கலக்கினால் பால்போல் கலங்கும்; குழாயின் அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் வரை ஊற்றி, அந்த உயரத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். உங்கள் தொட்டியில் இது மிக அதிகமாகவே இருக்கும் என்பதால், இப்போதிருக்கும் நீரைத் திருத்த முயலாமல் வெளியேற்றிவிடுவதே சிக்கனம். ஆனால் உடனே திறந்துவிடாதீர்கள். கவரை எடுத்து வைத்துக் குளோரின் அடங்கும் வரை காத்திருந்து, சோதித்த பிறகு வெளியேற்றுங்கள்; மாங்கன்றுகளுக்கோ மீன் குட்டைக்கோ அந்த நீர் போக வேண்டாம். புதிய நீருக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தைப் பயன்படுத்துங்கள். அது பிஹெச்சைச் சற்று ஏற்றும், வைத்திருந்தால் வீரியமும் குறையும். ஆகவே சிறு கேனாக வாங்கி, போட்ட பின் அளந்து பாருங்கள்.

இனி உங்கள் கிணற்று நீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறைக்கு அடியிலிருந்து வரும் நீரில் கடினத்தன்மையும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருப்பது வழக்கம்; சோப்பு நுரைக்காததையும், கெய்சர் காயிலில் வெள்ளையாகப் படிவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். பைகார்பனேட் மிகுந்த நீரில் ஜெட் காற்றைக் கலக்கும்போது கரியமில வாயு வெளியேறி, பிஹெச் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். இதைச் சரியாக நிர்வகிக்க மொத்தக் காரத்தன்மை என்ற எண் வேண்டும். அதையும் சொட்டு எண்ணியே அளக்கலாம், பச்சை சிவப்பாக மாறும் இடமே முடிவு. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். 80 முதல் 120 பிபிஎம் வரை வைத்துக்கொள்ளலாம். கால்சியம் கடினத்தன்மையை நிரப்பும் அன்று அளந்தால் போதும். சிவப்பு நீலமாக மாறும். ஸ்ட்ரிப்பில் கடினத்தன்மை என்று இருப்பது மக்னீசியத்தையும் சேர்த்த எண் என்பதால் படிவுக் கணக்குக்கு அது உதவாது.

ஃபுளோரைடு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இந்தப் பகுதியில் பற்களிலும் எலும்புகளிலும் அதன் பாதிப்பைப் பார்த்துத்தான், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது குடிக்கும் நீரின் பிரச்சினை. ஹாட் டப் சோதனைப் பெட்டியில் அதற்கென ஒரு பாட்டில் இல்லாததும் அதனால்தான். குளோரின் எண்ணை நீங்கள் தவறாகப் படித்ததற்கு அது காரணமும் இல்லை. குழந்தைகள் தொட்டி நீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபுளோரைடைவிட வலுவான காரணங்கள் மேலே இருக்கின்றன. சோதனையைக் கெடுக்கக்கூடியவை இரும்பும் மாங்கனீசும். புதிதாக நிரப்பிக் குளோரின் போட்டதும் நீர் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறினால் அவை இருக்கின்றன என்று கொள்ளலாம். ஆக்சிஜனேற்றம் அடைந்த மாங்கனீசு, குளோரின் இல்லாத இடத்திலும் டிபிடியைச் சிவக்கச் செய்யும்.

ஆய்வகத்துக்கு மாதம் ஒரு பாட்டில் அனுப்புவது குளோரினுக்குப் பயன்படாது. பாட்டில் தளியிலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் குளோரின் மறைந்து, பிஹெச்சும் நகர்ந்திருக்கும். அறிக்கையில் வரும் எண் பாட்டிலின் எண்ணே தவிர உங்கள் தொட்டியின் எண் ஆகாது. இந்த இரண்டையும் தொட்டியின் ஓரத்தில் நின்றுதான் அளக்க முடியும். கிணற்று நீரை மட்டும் ஒரு முறை குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ வேறு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ கொடுத்துக் காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, ஃபுளோரைடு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்; கோடையின் முடிவில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தால் வேறுபாடும் தெரியும். கிருமிச் சோதனைக்குக் கொடுப்பதானால், குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். சாதாரண கேன் பாட்டிலில் எடுத்துச் சென்றால், வழியில் மிஞ்சிய குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். தொட்டியில் கிருமி இருந்திருந்தாலும் அறிக்கை இல்லை என்றே சொல்லும்.

புதிய நீர் நிரப்பிய அன்று காரத்தன்மை, கால்சியம், பிஹெச் ஆகிய மூன்றையும், ஆட்கள் இறங்காத ஓர் இரவில் மாலையும் மறுநாள் காலையும் எண்ணிய குளோரின் சொட்டுகளையும் குறித்து எனக்கு எழுதுங்கள். ஒரே இரவில் எவ்வளவு குளோரின் குறைகிறது என்று தெரிந்தால், உங்கள் 1,200 லிட்டருக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லி திரவக் குளோரின் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.